ஹம்பக்கர் மாற்றப்போகிறேன்: 8 கிலோ ஓமா, 16 கிலோ ஓமா?

நாலாம்ஃப்ரெட்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக ஒரே கிட்டார்தான் வாசிக்கிறேன். லெஸ் பால் வடிவம், மஹோகனி உடல், இரண்டு ஹம்பக்கர் (ஸ்ட்ரிங்கின் ஆட்டத்தை மின் சிக்னலாக்குகிற இரட்டைச் சுருள் பிக்கப்), இரண்டு வால்யூம், இரண்டு டோன். நெக் என் கைக்கு அவ்வளவு இதமாகப் பழகிவிட்டது, அதனால் விற்கிற எண்ணமே இல்லை. குறை சத்தத்தில்தான்.

நெக் பிக்கப்பில் வைத்து முழு கார்டு அடித்தால் 5-ஆவது, 6-ஆவது ஸ்ட்ரிங் இரண்டும் ஒன்றோடொன்று குழைந்து கும்மென்று கிளம்புகிறது, உள்ளே இருக்கிற ஸ்வரங்களைப் பிரித்துக் கேட்கவே முடியவில்லை. ஸ்விட்சை பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்குத் தள்ளினால் நேர் எதிர். முதல் இரண்டு ஸ்ட்ரிங்கும் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி காதைக் குத்துகின்றன. டோனைக் குறைத்தால் குத்தல் போகிறது, கூடவே உயிரும் போகிறது.

நான் வாசிப்பதில் பாதி க்ளீன் ஆர்பெஜியோ, பாதி வால்வ் ஆம்பை லேசாக உறுமவிட்டு வாசிக்கிற பழைய ராக். மெட்டல் வாசிப்பதில்லை. ஸ்பெக் எல்லாம் படித்துப் படித்து இரண்டில் வந்து நிற்கிறேன்: ஒன்று பி.ஏ.எஃப். பாணி செட், அதாவது கிப்ஸனின் முதல் ஹம்பக்கர் மாதிரி, சுமார் 8 கிலோ ஓம், அல்னிகோ காந்தம். இன்னொன்று 16 கிலோ ஓம் செராமிக் செட். ஓம் அதிகம் என்றால் பவர் அதிகம், சத்தம் தடிமனாக வரும், அப்போது பிரிட்ஜின் குத்தல் அடங்கிவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரிதானா? காயில் ஸ்ப்ளிட் போட்டு, அதாவது ஒரு சுருளை அணைத்துவிட்டு, ஸ்ட்ராட் மாதிரி ஒற்றைச் சுருள் சத்தமும் எடுக்கலாம் என்று ஆசை இருக்கிறது. எதை வாங்கலாம், சொல்லுங்கள்.

ஈயப்புகை:

தம்பி, இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நெக் பிக்கப் ஸ்ட்ரிங்கை ஒட்டி நிற்கிறது என்பதுதான். உயரத்தை அளந்தீர்களா?

காரணம் இதுதான். ஸ்ட்ரிங் நெக் பக்கத்தில் அகலமாக ஆடும், பிரிட்ஜை நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கும். அதிலும் தடித்த ஸ்ட்ரிங் நெக் பிக்கப்புக்கு மேலே எவ்வளவு வீச்சாக ஆடுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த இடத்தில் பிக்கப்பைத் தூக்கி வைத்தால் கீழ்ஸ்தாயி மட்டும் வீங்கி மற்றதை மூடிவிடும். பல கிட்டார்கள் பெட்டியிலிருந்து வரும்போதே இப்படித்தான் வருகின்றன, நாமும் பிக்கப் மோசம் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

6-ஆவது ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் இரும்புத் துருவத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலில் பாருங்கள். முதல் ஸ்ட்ரிங்குக்கும் அப்படியே. நான் நெக்கில் 6-ஆவது பக்கம் 2.5 மி.மீ., முதல் பக்கம் 2 மி.மீ. என்று ஆரம்பிப்பேன். பிரிட்ஜில் 2-உம் 1.6-உம். இது வேதவாக்கு இல்லை, இங்கிருந்து காதால் நகர வேண்டும். பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டு அதே கார்டை அடித்துக் கேளுங்கள், மறுபடி கால் சுற்று. ஆம்பில் ஒன்றையும் தொடாதீர்கள், இல்லாவிட்டால் எது மாறியது என்றே தெரியாது.

இன்னொரு வழி: நெக் பிக்கப்பை மொத்தமாக இறக்கிவிட்டு, துருவ ஸ்க்ரூக்களை மட்டும் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று மேலே ஏற்றுங்கள். ஸ்வரத்தின் முனை தெளிவாகும், கும்மல் குறையும். இதை யார் கிட்டாரில் செய்துகொடுத்தாலும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சுருள்கம்பி:

ஈயப்புகை அண்ணா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் ஓம் கணக்குக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இந்த ஒரு எண்ணை நம்பித் தவறான பிக்கப் வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மீட்டரில் தெரியும் கிலோ ஓம், சுருளில் இருக்கிற செம்புக் கம்பியின் டி.சி. ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. அவ்வளவுதான். கம்பி நீளமானாலும் ஏறும், கம்பி மெலிந்தாலும் ஏறும். 42 கேஜ் கம்பி சுமார் 0.063 மி.மீ. தடிமன், 43 கேஜ் சுமார் 0.056 மி.மீ. அதே நீளத்துக்கு 43-ஐச் சுற்றினால் ஓம் ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும், ஆனால் சுற்று ஒன்றுகூடக் கூடவில்லை. டெலிகாஸ்டரைப் பாருங்கள். அதன் நெக் பிக்கப் 43 கேஜ், பிரிட்ஜ் பிக்கப் 42 கேஜ். மீட்டரில் பல சமயம் நெக் எண்தான் பெரிதாக இருக்கும், ஆனால் ஆம்பில் ஓங்கி ஒலிப்பது பிரிட்ஜ். இன்னொன்று, செம்பு சூடானால் ஓம் ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம். 8.0 என்று காலையில் காட்டிய பிக்கப் அறை 10 டிகிரி சூடானதும் 8.3 காட்டும். அதனால் 8.1-ஆ 8.3-ஆ என்று தூக்கம் கெட வேண்டாம்.

சத்தத்தின் குணத்தை அதிகம் சொல்வது இண்டக்டன்ஸ், அதாவது சுருளின் மின்தூண்டல் அளவு, ஹென்றியில் கொடுத்திருப்பார்கள். எல்லாக் கம்பெனியும் கொடுப்பதில்லை, கொடுத்தால் அதைப் பாருங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் சிங்கிள் காயில் சுமார் 2.4 ஹென்றி, பி.ஏ.எஃப். பாணி ஹம்பக்கர் 4-லிருந்து 4.5, அதிகம் சுற்றிய ‘சூடான’ ஹம்பக்கர் 7, 8 வரை போகும். இந்த இண்டக்டன்ஸும் நீங்கள் ஆம்புக்குப் போடுகிற கேபிளின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் உச்சியை உண்டாக்கும். அந்த அதிர்வெண்ணில் சத்தம் தூக்கலாக இருக்கும், அதைத் தாண்டினால் சரிந்துவிடும். கேபிள் மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் கேபிள் 600, கிட்டாருக்குள் இருக்கிற வயரும் சுருளும் சேர்த்து 100, மொத்தம் 700. கணக்குப் போட்டால் 2.4 ஹென்றிக்கு உச்சி 3.9 கிலோஹெர்ட்ஸ், 4.4 ஹென்றிக்கு 2.9, 8 ஹென்றிக்கு 2.1. நாம் ‘கணீர்’ என்று சொல்வது எங்கே, ‘தடிப்பு’ என்று சொல்வது எங்கே என்பது இந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது.

அதே 4.4 ஹென்றி பிக்கப்புக்கு 3 மீட்டர் கேபிள் போட்டால் உச்சி 3.8-க்கு ஏறிவிடும். அதாவது கேபிளைப் பாதியாக்கியதிலேயே ஹம்பக்கரின் உச்சி சிங்கிள் காயில் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு நீளம் போடுகிறீர்கள்? பிரிட்ஜ் குத்துகிறது என்கிறீர்களே, கேபிள் ரொம்பக் குட்டையாக இருந்தாலும் அப்படி வரும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அதிகச் சுற்று என்றால் அவுட்புட் கூடும், உச்சி கீழே இறங்கும், குத்தல் அடங்கும். ஆனால் நெக்கிலும் அதையே போட்டால் இப்போது இருக்கிற கும்மல் இரட்டிப்பாகும். 16 கிலோ ஓம் செட்டாக வாங்குவது உங்கள் வாசிப்புக்குச் சரிவராது.

இரவுரிஃப்:

நான் செராமிக் கட்சி, அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மெட்டல் கிட்டாரில் பிரிட்ஜில் இருப்பது இ.எம்.ஜி. 81. அது ஆக்டிவ், 9 வோல்ட் பேட்டரி வேண்டும், பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கிற மாறும் மின்தடை) 25 கே, அதாவது 25 கிலோ ஓம். ஆம்பில் கெயினை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, உள்ளங்கையால் மூடிக்கொண்டு வேகமாக ரிஃப் அடிக்கும்போது ஒவ்வோர் அடியும் கத்தரித்த மாதிரி விழும். அந்த இறுக்கத்துக்கு வேறு எதையும் ஈடாக நினைக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். வால்யூமை 5-க்கு இறக்கினால் ஆம்ப் க்ளீனாகவும், 10-க்கு ஏற்றினால் உறுமலாகவும் மாற வேண்டும், அதுதானே பழைய ராக் வாசிப்பவர்களுக்குச் சுகம். சூடான பிக்கப் வால்வ் ஆம்பின் முன்பகுதியை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், க்ளீன் கிடைப்பது கஷ்டம்.

1972-இல் டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் வந்தபோது மாஸ்டர் வால்யூம் இல்லாத ஆம்புகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தன. பிக்கப்பே தள்ளினால்தான் ஆம்பின் சத்தம் சீக்கிரம் உறுமலாக உடையும், அதனால் செராமிக் காந்தமும் அதிகச் சுற்றும் அன்றைக்குப் பெரிய விஷயம். இன்றைக்கு ஒரு பெடலில் அதைச் செய்துவிடலாம். அவுட்புட்டுக்காக மட்டும் பிக்கப் வாங்காதீர்கள், குணத்துக்காக வாங்குங்கள்.

ஸ்ப்ளிட் பற்றி: ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோ ஓம் ஹம்பக்கரில் ஒரு சுருளை அணைத்தால் மிஞ்சுவது 4 கிலோ ஓம் சுருள் ஒன்று. ஸ்ட்ராட் சுருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அது, காந்தத்தின் அமைப்பும் வேறு. ஒல்லியாக ஒலிக்கும், இரைச்சலும் திரும்ப வந்துவிடும். இரண்டு சுருளையும் பேரலலில் போடுகிற ஸ்விட்ச் வையுங்கள். அவுட்புட் குறையும், மேல்ஸ்தாயி திறக்கும், இரைச்சலும் வராது. க்ளீன் ஆர்பெஜியோவுக்கு எனக்கு ஸ்ப்ளிட்டைவிட அது பிடிக்கும்.

நாலாம்ஃப்ரெட்:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு உட்கார்ந்து அளந்தேன். நெக்கில் 6-ஆவது பக்கம் 1.1 மி.மீ.! கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் ஸ்ட்ரிங் துருவத்தில் கிட்டத்தட்ட உரசுகிறது. ஆறு வருடமாக இப்படியே வாசித்திருக்கிறேன். 2.5-க்கு இறக்கி, ஸ்க்ரூக்களை ஒரு சுற்று ஏற்றிவிட்டு ஒரு மேஜர் கார்டை மெதுவாக ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக அடித்தேன். நடு இரண்டு ஸ்ட்ரிங்கும் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தன என்று இருந்தது. சத்தம் கொஞ்சம் குறைந்தது, ஆம்பில் ஏற்றிக்கொண்டேன்.

கும்மல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனாலும் நெக் இன்னும் கொஞ்சம் மந்தமாக, போர்வையைப் போர்த்தின மாதிரிதான் இருக்கிறது. பிரிட்ஜில் 2-உம் 1.6-உம் வைத்துப் பார்த்துவிட்டேன், குத்தல் குறையவில்லை. கேபிள் 6 மீட்டர்தான், அதனால் குட்டைக் கேபிள் காரணமில்லை. இப்போது பிக்கப் வாங்கலாமா?

ஈயப்புகை:

இன்னும் ஒரு படி இருக்கிறது. மல்டிமீட்டர் இருக்கிறதா? பின்பக்கத் தகட்டைத் திறந்து வால்யூம் பாட்களை அளங்கள். 500 கே என்று மேலே அச்சடித்திருந்தாலும் பாட் 20 சதவீதம் கூடக் குறைய வரலாம், அதாவது 400-லிருந்து 600 வரை எதுவும் 500 என்றே விற்கப்படும். பாட் மதிப்பு குறைந்தால் சுருள்கம்பி சொன்ன அந்த உச்சி மழுங்கும், கூடினால் கூர்மையாகும். சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே போடுவதும் இதனால்தான். கூர்மையான பிக்கப்பைக் கொஞ்சம் மழுக்கவும், தடித்த பிக்கப்பைத் திறந்துவிடவும்.

அளக்கும்போது கவனம். பிக்கப் இணைந்திருக்கையில் பாட்டின் இரண்டு ஓரக்காலிலும் மீட்டரை வைத்தால் பாட் தெரியாது, பிக்கப்பின் 8 கிலோ ஓம்தான் தெரியும். பிக்கப்பிலிருந்து சிக்னலைக் கொண்டுவருகிற ஹாட் வயரை மட்டும் சால்டர் உருக்கி எடுத்துவிட்டு அளங்கள். கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஸ்விட்சை மற்ற பிக்கப் பக்கம் தள்ளிவையுங்கள். நெக், பிரிட்ஜ் இரண்டு வால்யூமையும் பாருங்கள்.

சால்டர் செய்யும்போது முனை சூடேறும்வரை பொறுமையாக இருங்கள், இரண்டு விநாடி வைத்தால் ஈயம் பளபளவென்று உருகி ஓடும், அப்போது வயரை இழுங்கள். அரைச் சூட்டில் பத்து விநாடி தேய்த்துக்கொண்டிருந்தால் பாட்டுக்குள் இருக்கிற கார்பன் பாதை வெந்துவிடும். பாட்டின் முதுகில் இருக்கிற கிரவுண்டைத் தொட வேண்டாம், அது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

நாலாம்ஃப்ரெட்:

அளந்துவிட்டேன் அண்ணா. நெக் வால்யூம் 412, பிரிட்ஜ் வால்யூம் 563.

சுருள்கம்பி:

அடடா, தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்! மந்தமான இடத்தில் மழுக்குகிற பாட், கூர்மையான இடத்தில் இன்னும் கூராக்குகிற பாட். இரண்டையும் இடம் மாற்றுங்கள். மலையளவு வித்தியாசம் வராது, ஆனால் உங்கள் குறை இரண்டும் இதே திசையில்தான் இருக்கிறது, காதுக்குத் தெரியும்.

கையில் சால்டர் இருக்கும்போதே 50-களின் வயரிங்கையும் முயன்று பாருங்கள். டோன் கபாசிட்டர் இப்போது பிக்கப் வயர் வருகிற காலில் இருக்கும், அதை எடுத்து வால்யூமின் நடுக்காலில் வையுங்கள். வால்யூமை 6, 7-க்கு இறக்கும்போது மேல்ஸ்தாயி மங்காமல் நிற்கும். இரவுரிஃப் சொன்ன அந்த வால்யூமில் விளையாடுகிற வாசிப்புக்கு இது ரொம்பப் பொருந்தும். கபாசிட்டர் மதிப்பையும் பாருங்கள், ஹம்பக்கரில் வழக்கமாக 0.022 மைக்ரோஃபேரட் இருக்கும். 0.047 இருந்தால் டோனைத் திருப்பும்போது சட்டென்று இருட்டாகிவிடும். டோனைக் குறைத்தால் உயிர் போகிறது என்றீர்களே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

நாலாம்ஃப்ரெட்:

கபாசிட்டரில் 473 என்று எழுதியிருக்கிறது. 0.047 தானே? இரண்டையும் 0.022 ஆக்கிவிட்டேன், பாட்களை இடம் மாற்றினேன், 50-களின் வயரிங்கும் செய்தேன். ஒரு வாரம் வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

நெக்கை இனி தொடப்போவதில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு க்ளீனில் ஆர்பெஜியோ வாசித்தால், விட்ட ஸ்வரம் அடுத்ததற்கு வழிவிட்டுத் தேய்கிறது. இதைத்தான் வெளியே தேடிக்கொண்டிருந்தேன். பிரிட்ஜில் குத்தல் பாதியாகக் குறைந்தது, டோனை 7-இல் வைத்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் லீட் வாசிக்கும்போது முதல் ஸ்ட்ரிங் இன்னும் ஒல்லிதான், உடம்பு இல்லை. ஆகவே பிரிட்ஜுக்கு மட்டும் ஒரு பிக்கப். எப்படிப்பட்டது?

சுருள்கம்பி:

இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. பிரிட்ஜ் இடத்தில் ஸ்ட்ரிங் குறைவாக ஆடுவதால் அங்கே நெக்கைவிடக் கொஞ்சம் அதிகம் சுற்றிய பிக்கப் வேண்டும். பி.ஏ.எஃப். பாணியிலேயே சற்றுக் கூடுதலாகச் சுற்றியது, 42 கேஜ் கம்பியில் 8.5-லிருந்து 9 கிலோ ஓம், இண்டக்டன்ஸ் 5 ஹென்றியை ஒட்டி. 16 வேண்டாம், நெக்கை அது விழுங்கிவிடும், ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது பிரிட்ஜ் மட்டும்தான் கேட்கும்.

காந்தத்தில் எனக்கு உங்கள் விஷயத்தில் அல்னிகோ 2 பக்கம்தான் மனசு சாய்கிறது. 5 வலுவானது, கீழ்ஸ்தாயி இறுக்கமாக, மேலே பளிச்சென்று இருக்கும். 2 பலம் குறைந்தது, அடி விழுகிற கணம் கொஞ்சம் மென்மையாக வரும், முதல் ஸ்ட்ரிங் உருண்டையாகக் கேட்கும். தவறாகப் போனாலும் பயமில்லை, ஹம்பக்கரில் காந்தம் சுருள்களுக்கு அடியில் தனிச் சட்டமாகத்தான் இருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம். சேத் லவர் 1955-இல் கிப்ஸனில் வடிவமைத்து, 1957-இல் கிட்டார்களில் ஏறி, 1959-இல் காப்புரிமை கிடைத்த அந்த முதல் ஹம்பக்கர்களிலேயே காந்தமும் சுற்றும் ஒன்றுபோல் இருக்கவில்லை. அதனால் ‘அசல் பி.ஏ.எஃப். சத்தம்’ என்று ஒன்றே ஒன்றைத் தேட வேண்டாம்.

ஈயப்புகை:

நான் அல்னிகோ 5 என்றுதான் சொல்வேன், மஹோகனி உடலில் 2 போட்டால் கெயின் ஏறும்போது கீழ் ஸ்ட்ரிங் தளர்ந்து போவதாக எனக்குப் படும். நீங்கள் லீட் வாசிப்பவர் என்பதால் சுருள்கம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் காதுதான் முடிவு.

எதை வாங்கினாலும் நாலு வயர் வருவதாக வாங்குங்கள், பேரலல் ஸ்விட்ச் போட அது வேண்டும். வண்ணங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும், பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்டு. டிமார்சியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சை கிரவுண்டு. ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பற்றவைத்தால் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும், அல்லது இரண்டு சுருளும் ஒன்றையொன்று எதிர்த்துச் சத்தம் ஒல்லியாகிவிடும்.

உங்கள் நெக் பழைய பிக்கப், பிரிட்ஜ் புதியது. இரண்டும் எதிர்த்திசையில் இருந்தால் ஸ்விட்ச் நடுவில் வரும்போது சத்தம் மூக்கால் பாடுகிற மாதிரி ஒடுங்கிவிடும். பற்றவைப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்: மீட்டரைக் கிலோ ஓமில் வைத்து, இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் துருவங்களின் மேல் படியவைத்து வெடுக்கென்று தூக்குங்கள். அந்த நொடியில் எண் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஹாட்டில் சிவப்பு முனை, கிரவுண்டில் கறுப்பு முனை என்று ஒரே மாதிரி வைத்துச் செய்யுங்கள். ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கினால் புதியதில் ஹாட்டையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். உறையில்லாத வயர் மட்டும் எப்போதும் கிரவுண்டில்தான்.

இரவுரிஃப்:

ஆர்டர் போடும் முன் ஒன்று. பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே முதல் ஸ்ட்ரிங்கின் நடுவிலிருந்து 6-ஆவதன் நடுவரை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். வழக்கமான ஹம்பக்கர் 49, 50. அகலமானது 51-லிருந்து 53 வரை, ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி பிரிட்ஜுகளுக்கு.

நாலாம்ஃப்ரெட்:

50. வழக்கமானதையே போடுகிறேன். 8.7 கிலோ ஓம், அல்னிகோ 2, நாலு வயர், மெழுகில் தோய்த்தது. வந்ததும் ஸ்க்ரூடிரைவர் சோதனையைச் செய்துவிட்டு எண் ஏறியதா இறங்கியதா என்று இங்கேயே எழுதுகிறேன்.